ஜெபத்தில் சேர்ந்த பெயர்கள்

கம்பெனியில் எந்த ஷிப்டாக இருந்தாலும் குடும்ப ஜெபம் தவறக்கூடாது என்பதில் ஜெசிந்தா பிடிவாதமாக இருந்தாள். மகள் அனிட்டாவுக்கும் அதில் ஒரு வேலை கொடுத்திருந்தாள். கடைசியில், இறந்துபோன சொந்தங்களின் பெயர்களை அவள்தான் சொல்ல வேண்டும்.

"சூசை தாத்தா, லூர்து அத்தை..." அதோடு முடிப்பவள் அன்று நிறுத்தவில்லை. "முனிரத்தினம், கனகம்."

"யாருடி அவங்க?"

"செத்துப் போனவங்கம்மா."

ஜெசிந்தா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சொந்தத்தில் அப்படி யாருமே இல்லை.

மறுநாள் மாலை, ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் குழப்பம் தீர்ந்தது. அனிட்டாவின் ஸ்கூல் வேன் நிற்கும் இடத்துச் சுவரில் இரண்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ஒன்றில் முனிரத்தினம், மற்றதில் கனகம்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள். "ஏங்க, உங்க பொண்ணு போஸ்டரப் படிச்சிட்டு வந்து ஜெபத்துல சேத்துகினுகீறா! நான் இன்னான்னவோ நெனச்சு பயந்துட்டேன்."

பிரவீன் சிரிக்கவில்லை. "இன்னா பேசற? எல்.கே.ஜி.ல அவளுக்கு இன்னும் அனா ஆவன்னாவே ஆரம்பிக்கல. எப்படிப் படிப்பா?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அனிட்டா ஜெபமாலையோடு பாயில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, அந்தப் பேரெல்லாம் உனக்கு யாரு படிச்சுக் காட்டினாங்க?"

"யாரும் இல்லப்பா. அவங்களே வந்து சொன்னாங்க."

பாயின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டாள்.

"நீங்களும் தள்ளி ஒக்காருங்க. இன்னிக்கி நெறைய பேரு வந்துகீறாங்க."