கை எட்டாத மச்சம்

வெர்லின் சட்டையைக் கழற்ற அவர் மனைவி ஆர்டிஸ்தான் கைகொடுத்தார்.

முதுகின் நடுவில் காசளவுக்கு ஒரு தழும்பு. வட்டமாக, ஓரம் சுத்தமாக இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் வேலைக்கு வருவதற்கு முன் நானும் விஸ்கான்சின் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள்தான்.

கன்றுக்குக் கொம்பு வளராமலிருக்க, முளைக்கும் இடத்தில் ஒரு பசை தடவுவோம். தோலை அரித்துவிடும். கையுறை இல்லாமல் தொடமாட்டோம்.

“நானேதான் தடவிக்கிட்டேன்,” என்றார் வெர்லின். “கன்னுக்குட்டி தாங்குது, நான் தாங்க மாட்டேனா?”

அவருக்கு அறுபத்தாறு வயது. டாக்டரைப் பார்ப்பது என்பது, காலையில் பால் கறந்துவிட்டு வந்து, மாலைக் கறவைக்குள் வீடு திரும்ப வேண்டிய வேலை. ஒரு மச்சத்துக்காக நாற்பது மைல் போவதா என்று ஆகஸ்டில் கேட்டாராம். டிசம்பரில் அக்குளில் கோலிக்குண்டு அளவு கட்டியோடு வந்திருக்கிறார்.

டாக்டர் ஹேகன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மச்சம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை என்றார். மரத்துப்போக ஓர் ஊசி, இரண்டு மூன்று தையல், அவ்வளவுதான். வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினால் அது நல்லதா கெட்டதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். எரித்துவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. இனிக் கட்டியில் ஊசி போட்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மச்சம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

தன் முதுகைத் தான் எங்கே பார்த்தேன் என்றார் வெர்லின்.

டாக்டர் ஆர்டிஸ் பக்கம் திரும்பினார்.

ஆர்டிஸை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கறுப்பு வெள்ளை மாடுகளில் ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது. கன்று பிறந்ததும் அதன் புள்ளிகளைப் பதிவுப் படிவத்தில் வரைந்து அனுப்புவோம். இப்போது மற்றவர்கள் போட்டோ ஒட்டுகிறார்கள். ஆர்டிஸ் நாற்பது வருடமாகக் கையால்தான் வரைகிறார். ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்கமாட்டார். ஒரு கண்காட்சியில் மாட்டை மாற்றிக் கட்டிய ஒருவரின் மானத்தை, தான் வரைந்ததைக் காட்டியே எல்லோர் முன்னாலும் வாங்கி அனுப்பிய கை அது.

நான் பேனாவும் தாளும் கொடுத்தேன்.

சின்னதாக ஒரு வட்டம் வரைந்து, கீழே ஏப்ரல் என்று எழுதினார்.

அது போதும் என்று டாக்டர் கை நீட்டினார். ஆர்டிஸ் தாளைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று வரைந்தார். ஒரு பக்கம் உப்பியிருந்தது. ஜூன்.

மூன்றாவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். ஓரமெல்லாம் பிய்ந்தாற்போல் இருந்தது. பாதியை அழுத்திக் கறுப்பாக்கினார். மீதியில் லேசாகக் கோடு போட்டார். ஆகஸ்ட்.

வெர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் பார்த்தார். அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“மாறிக்கிட்டே வந்துச்சு டாக்டர்,” என்றார் ஆர்டிஸ். “இவர்கிட்ட சொல்லல. பயமா இருந்துச்சு. கண்ணுல படாம போனா போதும்னு இருந்துச்சு.”

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது.

வெர்லின் கண்ணாடியைக் கழற்றி மடக்கினார்.

“நானேதான் தடவிக்கிட்டேன்,” என்றார் மறுபடியும், டாக்டரிடம்.

சட்டையை எடுத்தார். வருடக் கணக்காகப் பால் கறந்து தேய்ந்த தோள்கள். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. ஆர்டிஸ் எழுந்து வந்து சட்டைக் கையை இழுத்து மாட்டிவிட்டார்.

வெர்லினின் கை முதுகின் நடுவை எட்டாது என்பது அறையிலிருந்த நான்கு பேருக்கும் தெரியும்.

நான் கோப்பில் ‘தானே தடவிக்கொண்டது’ என்று எழுதினேன்.