ஐந்து வரி மனப்பாடம்

“அங்கிள், கிள்ளானுக்கு அந்தப் பக்கம்னு போர்டு போட்டிருக்கே, நாம ஏன் சுங்கை பூலோ பக்கம் போறோம்?”

போன மாதம் காரின் பின்சீட்டிலிருந்து ஒரு சிறுமி இப்படிக் கேட்டாள். “ஷார்ட்கட் லா, தங்கச்சி” என்று சிரித்துச் சமாளித்த ரெங்கசாமிக்கு அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை.

ஃபோன் ஆப்பில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் டாக்டர் கையெழுத்து வாங்கினால்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். அறுபத்திரண்டு வயதில் அந்தக் காரை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

மனைவி வீரம்மா போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது, கிளினிக் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அஞ்சு வரிதானே, இதுகூட ஏறலையா? ஸ்கூல்லயும் இப்படித்தானா?” என்று நான்கு நாள் ஒப்பிக்க வைத்தாள்.

இன்று அதே பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் புது பெயின்ட் வாடை. காலையிலிருந்து ஓட்டிய அசதியோடு நாற்காலியில் சாய்ந்தார் ரெங்கசாமி.

“வாங்க அங்கிள். அம்மா உங்கள இன்னும் விசாரிக்கிறாங்க” என்றார் டாக்டர் விஷ்ணுப்ரியா. போன வருடம் ஆறு மாதம் டாக்டரின் தாயை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போனவர் ரெங்கசாமிதான். ஒவ்வொரு முறையும் காரை நிறுத்திவிட்டு இறங்கி, கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

பிரஷர் பார்த்து முடிந்தது. “அடுத்து கண்ணு…” என்று டாக்டர் ஆரம்பித்ததுதான் தாமதம், மறந்துபோகுமோ என்ற பயத்தில் ரெங்கசாமி எழுந்து நின்றுவிட்டார். ‘முருகா!’ என்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து ஐந்து வரியையும் ஒரே மூச்சில் சொன்னார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

டாக்டர் நர்ஸை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஏதோ எழுதி, உறையில் போட்டு அவர் கையில் வைத்தார்.

“பாஸ்தானே, டாக்டர்?”

“இது கண் ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர், அங்கிள். கண்ணுல புரை மாதிரி இருக்கு; ஆபரேஷனுக்கு நானே என் கார்ல கூட்டிட்டுப் போறேன். பார்வை சரியானதும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“ஏம்மா, எல்லாம் கரெக்டாத்தானே சொன்னேன்?”

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“செவுத்துல அட்டையே இல்ல, அங்கிள்.”