ஒரு வரி அதிகம்

"உங்க டெஸ்ட்தான் மேடம் என் கழுத்தை அறுக்குது. மத்ததெல்லாம் பாஸ்."

நத்தை இப்படிச் சொன்னதும், வாசலிலேயே நின்றவள் உள்ளே வந்தாள்.

புரோகிராம்களைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில், ஃபைலைப் படிக்கவும் எழுதவும் உதவும் லைப்ரரி என்ற புரோகிராம் தொகுப்பு அவன் பொறுப்பு. அந்த லைப்ரரி வேகத்தில் ஆமைக்கே அண்ணன் என்பதால் அவனுக்கு நத்தை என்ற பெயர் வந்தது. ஆளுக்கும் எதுவும் சட்டென்று உறைக்காது, பாவம். அவள், அதையெல்லாம் சரிபார்க்கும் டெஸ்ட்களை எழுதும் சோதனைப் பிரிவில் இருந்தாள்.

"என்ன மாத்தினீங்க சார்?"

"முன்னாடி லைப்ரரி சின்னப் பையை எடுத்துக்கிட்டு டிஸ்குக்கும் இங்கேயுமா நடையா நடக்கும். இப்ப பெரிய பை. ஒரே நடையில கொண்டுபோய்க் கொட்டிடும். சும்மா பறக்குது. ஆனா சாயங்காலத்துக்குள்ள உங்க டெஸ்ட் பாஸ் ஆகலைன்னா, புது வெர்ஷன்ல சேர்க்க மாட்டாங்களாம். மாசக்கணக்கா உழைச்சது விழலுக்கு இறைச்ச தண்ணிதான்."

அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு காலத்தில் 'வாடா, போடி' என்று பேசிக்கொண்டவர்கள்தான். சில வருடங்களுக்கு முன்பு திடீரென்று அவனை 'சார்' ஆக்கிவிட்டு, மாடியில் இருக்கும் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பதிலுக்கு 'மேடம்' என்று ஆரம்பித்தவன், ஒவ்வொரு முறை அப்படிக் கூப்பிடும்போதும் உள்ளுக்குள் நொந்துகொண்டான்.

"எந்த டெஸ்ட்?"

"நீங்க மாடிக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா எழுதிக் குடுத்தது. ஒரு ஃபைலைப் படிச்சு இன்னொண்ணுல எழுதுமே, அதான். இத்தனை நாள் வந்ததைவிட இப்ப ஒரு வரி அதிகமா வருதாம். இல்லாத வரி எங்கேருந்து முளைக்கும்?"

அவள் முகம் வெளிறியது.

"அந்த டெஸ்ட்டை அழிச்சிடுங்க சார்."

"காரணம் தெரியாம எப்படி அழிக்கிறது?" அவள் எழுதியிருந்த டெஸ்ட்டை அவன் திறந்து பார்த்தான். "அட, எழுதி முடிச்ச ஃபைலை நீங்க மூடவே இல்லையே. மூடலைன்னா, பழைய லைப்ரரி பையில மிச்சம் இருக்கிறதை அப்படியே தூக்கிப் போட்டுட்டுப் போயிடும். இப்பதான் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி பண்ணியிருக்கேன்."

"அப்ப... அன்னிக்கு அந்த வரி உனக்கு வரவே இல்லையா?"

'சார்' காணாமல் போனதை நத்தைகூட உடனே கவனித்துவிட்டான்.

"கடைசி வரைக்கும் படிச்சியான்னு கேட்டேன். படிச்சேன், சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னியே?" அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். எனக்கு வந்த வரைக்கும் படிச்சுட்டு, அதையே சரியான விடைன்னு சேமிச்சும் வச்சேன்."

புது ஃபைலைத் திறந்து அடிவரை போனான். படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தான். புதிதாக வந்ததைச் சரியான விடையாக ஏற்றுக்கொள்ளலாமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

"வேலை முடியணுமேன்னு அவசரப்பட்டு அழுத்தாதே" என்றாள்.

"வேலைக்காக இல்ல." 'ஆம்' என்பதை அழுத்தினான். "இத்தனை வருஷம் கழிச்சு... இப்பவும் செல்லும்ல?"

அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

திரையின் அடியில், இவ்வளவு காலம் எங்கும் போய்ச் சேராத அந்த ஒரு வரி இருந்தது: 'டேய் நத்தை, நீயா கேக்கப் போறதில்ல, நானே கேக்கறேன், என்னைக் கட்டிக்கிறியா?'