தினம் ஒரு புகார்

"முட்டையை எண்ணி வைக்கிறா புள்ள. நான் தின்னுருவேனாம்."

ராக்காயி வந்து பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். கையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுற கத்தி, மடியில் தீட்டுக் கல். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும், கத்தியைத் தீட்டிக்கொண்டே மருமகள் மங்களத்தைத் திட்டித் தீர்ப்பது அவள் வழக்கம். ஏழு மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

அந்த வீட்டு நவமணிக்கு எரிச்சலாக வந்தது. எழுதிக்கொண்டிருந்தது நாற்பத்து மூன்றாவது வேலை விண்ணப்பம்.

நவமணி மனோவியல் பட்டதாரி. சித்தியவான் ஊர்ப் பக்கத்தில் அந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். போன நேரம் நல்ல நேரம்தான், முடித்து வந்த நேரம் சரியில்லை. எண்பத்தாறாம் வருஷம். ஈயச் சுரங்கங்களை மூடிக்கொண்டிருந்தார்கள். வங்கியிலேயே ஆள் குறைப்பு. சமூகநல இலாகா, சிறைச்சாலை, கையுறைத் தொழிற்சாலை, காப்புறுதிக் கம்பெனி என்று எதையும் விடாமல் எழுதிவிட்டாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நான்கு இடத்திலும் ஒரே கேள்வி.

"அனுபவம் இருக்கா?"

வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கே போய் வாங்குவதாம்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

தோட்டத்தில் கேலி வேறு. "மனசப் பத்திப் படிச்சியா? அப்ப தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் வேலை லா!"

அப்பா சின்னையா கேலி செய்யவில்லை. "இந்த மாசம் பாப்போம். இல்லன்னா அடுத்த மாசம் காலையில ஆள் எடுக்குற பெரட்டுக்கு வந்து பேர் குடுத்துரு. புல்லு வெட்ட ஆள் கேக்குறாங்க" என்றார். அன்றிலிருந்து நவமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"கேக்குறியா புள்ள?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பெரியம்மா."

"நேத்து மீன் தலையப் பூனைக்குப் போட்டுட்டா. எனக்கு வெறும் ரசம்."

ஆரம்பத்தில் நவமணி புத்தி சொல்லிப் பார்த்தாள். ராக்காயி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பிறகு களைத்துப்போய்ச் சும்மா கேட்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். வேறு வேலையும் இல்லாததால் ஒரு பழைய நோட்டில் குறித்தும் வைத்தாள்.

"எழுதிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ராக்காயி எழுந்திருப்பாள்.

அவள் போனதும் அம்மா முத்தம்மா முணுமுணுத்தாள். "வாயே தொறக்காம ஊமை மாதிரி இருக்கா அந்த மங்களம். வயசானவள இந்தப் பாடு படுத்துறா. நல்லா இருப்பாளா?"

நவமணிக்கும் அதே எண்ணம்தான். தண்ணீர்க் குழாயடியில் மங்களம் சிரித்தால்கூட இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாதக் கடைசியில் ஈப்போவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சிலிபின் வட்டாரத்தில் ஒரு குடும்ப நல மையம். பொறுப்பாளர் சக்கீனா என்ற அம்மா, சான்றிதழைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"படிப்பெல்லாம் சரி. அனுபவம் இருக்கா?"

இல்லை என்று சொல்லிச் சொல்லி நவமணிக்கு அலுத்துவிட்டது. "ஒரே ஒருத்தர்" என்றாள். "ஏழு மாசமா கேட்டுக்கிட்டு வாரேன். மாமியார், மருமக பிரச்சனை."

பேர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். புத்தி சொன்னது எடுபடாததை, வாயை மூடிக் கேட்கக் கற்றுக்கொண்டதை, நோட்டில் எழுதியதை. சக்கீனா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

கடைசியில், "இங்க வர்றவங்க நெறைய பேர் புத்தி சொல்லத்தான் வேலைக்கு வர்றாங்க. நீங்க கேக்குறீங்க" என்றார்.

பத்தாவது நாள் வேலைக் கடிதம் வந்தது. அப்பா அதை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

நவமணி லட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். லட்டு ராக்காயிக்கு. மங்களத்துக்கு நறுக்கென்று நாலு வார்த்தை வைத்திருந்தாள்.

ராக்காயி கோயிலுக்குப் போயிருந்தாள். மங்களம் அடுப்படியில் ஒரு கிண்ணத்தை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா நவமணி. அத்தைக்கு மீன் தலை எடுத்து வைக்கிறேன். தலைன்னா அத்தைக்கு உசுரு. முட்டையும் ஒண்ணு அவிச்சிருக்கேன்."

நவமணி வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு லட்டுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். கடிதத்தை நீட்டினாள். "வேலை கெடச்சிருச்சுக்கா."

மங்களம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தொட்டாள். "அப்பாடா. இனிமே நான் கெட்டவளா இருக்க வேணாம்."

"என்னக்கா சொல்றீங்க?"

"தெனம் சோறு திங்கும்போது அத்தை என்னையக் கேப்பாங்க, 'நாளைக்கு உன்ன என்னான்னு திட்டட்டும்?'னு. அந்த முட்டைக் கதை நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"ஏங்க்கா இப்படி?"

"நானும் அத்தைகிட்ட இதையேதான் கேட்டேன். 'நம்ம கத்தியவே நாலு நாள் தீட்டாம வச்சா துருப்பிடிச்சிருது. அந்தப் புள்ள மாசக்கணக்கா சும்மா உக்காந்திருக்கு, படிச்சது மழுங்கிறாதா?'ன்னாங்க."