ரிட்டன் லோடு

என் கணவர் உச்சிமாகாளி குஜராத் துறைமுகத்தில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்துபோனார். புகை கக்கும் எதிலும் சரக்கு அனுப்பக் கூடாது என்பது இப்போது சட்டம். பிணமும் சரக்குக் கணக்குதான். பாய்மரக் கப்பலில் தூத்துக்குடி, ரயிலில் ஸ்ரீவைகுண்டம், அங்கிருந்து பேட்டரி லாரியில் எங்கள் தெரு. குளிர்பெட்டி நிரம்பாமல் கிளம்பாது என்பதால் வழி நெடுக இறாலோடு வந்திருக்கிறார். லாரி வாசலில் நின்றதுமே கவிச்சி குப்பென்று அடித்தது. அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு மூக்கைப் பொத்தினார்கள்.

"கதவத் தொறங்க" என்றேன்.

"ரிட்டன் லோடு வந்தாத்தான் பூட்டு தொறக்கும்க்கா. வண்டி காலியாத் திரும்பக் கூடாதுல்லா" என்றான் டிரைவர்.

"எழவு வீட்டுல லோடுக்கு நான் எங்கடே போவேன்?"

அவன் தெருமுனையைப் பார்த்தான். அங்கே ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க இத்தனை பேரா என்று எனக்கு அழுகை பொங்கியது.

கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, எல்லார் தோளிலும் வாழைத்தார். லாரிக்கு வாரக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள், பிணம் இறங்கினால் இடம் கிடைக்கும் என்று ஓடிவந்திருக்கிறார்கள். முதல் ஆளாக என் கொழுந்தன் பலவேசம். அண்ணன் பாடையைச் சுமக்க வேண்டிய தோளில் இரண்டு தார் வைத்திருந்தான்.

பூட்டு தானாகத் திறந்தது.

"மதினி, அழுகையெல்லாம் பொறவு வச்சுக்கிடலாம். அண்ணன வெரசா எறக்கச் சொல்லுங்க. வெயில்ல தார் பழுத்துரும்."