விரல் வைத்த இடம்

வாசலில் நிற்கும் பழைய ஆட்டோமேட்டிக் காரின் இன்ஜின், ஆக்ஸிலரேட்டரை யாரும் மிதிக்காமலேயே இரைகிறது. பானெட்டைத் தூக்கிவிட்டு மகள் ரப்பர் குழாய்களின்மேல் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறாள். ஒரு வளைவில் தெளித்ததும் இரைச்சல் திணறுகிறது. அங்கே நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. அதன் வழியே காற்று உஸ்ஸென்று உள்ளே போய் இன்ஜினை முடுக்குகிறது. விரலால் அடைக்கிறாள். இன்ஜின் சாதுவாகிவிடுகிறது. விரலை எடுத்தால் மறுபடி சீறுகிறது. நான்கு மாதத்துக்கு முன், அப்பா பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தியதும் கார் பாய்ந்து கேட்டில் மோதியது. "உஸ்ஸுனு ஒரு சத்தம் வருதும்மா" என்றார். "அது உங்க காதுக்குள்ளப்பா. வயசாச்சு, ஓட்டினது போதும்" என்று சாவியை வாங்கிக்கொண்டவள் இவள்தான். அன்று காரைத் தள்ளியது இந்த வெடிப்பு. அப்பாவின் கால் அல்ல. கேட்டின் நெளிவில் காலை வெயில் மின்னுகிறது. அப்பா அருகில் வந்து குனிகிறார். "அடேயப்பா, என் காது இங்கதான் ஒளிஞ்சிருக்கா!" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சாவி இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா." அவர் தன் வலது பாதத்தைப் பார்க்கிறார். "வேணாம்மா. இப்ப எனக்கே பயமாயிருக்கு." அவள் வெடிப்பிலிருந்து விரலை எடுக்காமல் நிற்கிறாள்.