படகு கரையேறியது

துறையில் கட்டிப்போட்டிருந்த படகு விடிந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அக்கரைக்குப் போக இருந்ததே அந்த ஒரு படகுதான். ஊரே ஆற்றங்கரையில் திரண்டுவிட்டது.

வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடியது. படகை மீட்க ஊரார் கூட்டிவந்த நீச்சல்காரர் கயிறும் கையுமாக இறங்கத் தயாரானதும் படகோட்டி ஓடிவந்து மறித்தான்.

"வேண்டாம்ணே. படகு போனா போகுது, உங்க உயிர் முக்கியம்."

"ஆமாண்ணே," என்றாள் அவன் மனைவி. "எங்கப்பா ஆசையா செஞ்சு கொடுத்த படகுதான். அதுக்காக நீங்க குதிக்கணுமா?"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் அவன் பேச்சுக்கு ஆமாம் போட்டது அதுவே முதல் தடவை.

"என்ன மனசுப்பா உங்க ரெண்டு பேருக்கும்!" என்று உருகிய நீச்சல்காரர், அந்த உருக்கத்திலேயே குதித்துவிட்டார். மூன்று முறை வெள்ளம் அவரை இழுத்துப் போனது. நான்காவது முறை படகில் கயிற்றைக் கட்டினார். ஊரே சேர்ந்து இழுத்ததில் படகு முனகிக்கொண்டே கரையேறியது.

நீச்சல்காரர் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தார்.

"அடப்பாவிகளா, யாரோ வேணும்னே ஓட்டை போட்டிருக்காங்க! அதுவும் ரெண்டு!"

"ரெண்டா?" படகோட்டி பதறினான். "நான் ஒண்ணுதானே போட்டேன்!"

ஊரே திரும்பிப் பார்த்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இந்த வெள்ளத்துல ஓட்ட பயமா இருந்துச்சு. மாமனார் கொடுத்த படகாச்சே, இவகிட்ட எப்படிச் சொல்றது?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க வீடு திரும்புற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கிறேங்க. போகாதீங்கன்னா கேக்கவா போறீங்க? அதான் இன்னொண்ணை நான் போட்டேன்."